துருக்கி பாஸ்போர்ட்டும் பஞ்சமி நிலமும்

திருவண்ணாமலையில் ஒரு பத்திர எழுத்தரிடம் எட்டு வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரையப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தைக் கணினியில் அடித்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே ஓடை என்று நான்கெல்லை எழுதுவேன். சில பத்திரங்களில் தெற்கே 'காலனி' என்று வரும். அந்தச் சொல்லை அடிக்கும்போது விரல் ஒரு நொடி நிற்கும். நான் பிறந்த இடத்துக்குப் பதிவுத்துறையின் ஏடுகளில் இருக்கும் இடம் அவ்வளவுதான்: அடுத்தவன் நிலத்துக்கு எல்லை.

போன வருடம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஐந்து ஏக்கரை விற்க வந்தார். ஊர்க்காரர் என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர், நான் காலனி. அவர் தாத்தா காட்டில் என் பாட்டி நடவு நட்டவள், என் அம்மா களை எடுத்தவள். என் அப்பாவை இன்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடும் அவர், பத்திர எழுத்தரின் அறைக்குள் மட்டும் என்னைத் 'தம்பி' என்பார். அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"தம்பி, பையன் துருக்கில வீடு வாங்கப் போறான். நாலு லட்சம் டாலர். வாங்கினா குடும்பத்துக்கே பாஸ்போர்ட் குடுத்துடறானாம்பா. மூணு வருஷம் விக்காம வெச்சிருந்தா போதுமாம். அப்பறம் வித்துட்டுக் காச எடுத்துக்கலாம், பாஸ்போர்ட்டு நம்மகிட்டயே இருக்கும்."

"அங்க போய் இருக்கணுமா சார்?"

"எதுக்கு? அவன் பெங்களூர்லயேதான் இருப்பான்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னதெல்லாம் உண்மை. துருக்கி 2018 செப்டம்பரில் இந்தச் சொத்து வரம்பைப் பத்து லட்சம் டாலரிலிருந்து இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2022 ஜூனில் நான்கு லட்சமாக உயர்த்தியது. நம் பணத்தில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. துருக்கி மொழி தெரிய வேண்டாம், அங்கே குடியிருக்கவும் வேண்டாம். இந்தக் கடையை முதலில் திறந்தது செயின்ட் கிட்ஸ் - நெவிஸ் என்ற கரீபியத் தீவு நாடு, 1984இல். டொமினிக்கா, ஆன்டிகுவா, கிரெனடா எல்லாம் பின்னால் வந்தன. சைப்ரஸ் ஊழல் அம்பலமாகி 2020இல் கடையை மூடியது. மால்டாவின் திட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பளித்தது. குடியுரிமையை விற்பனைச் சரக்காக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இங்கிருந்து எவ்வளவு பணம் போகலாம் என்பதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேர் பேரில் பிரித்தால் நான்கு லட்சம் தாராளமாகத் தேறும். நூறு நாள் வேலைக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி வைத்த நாட்டில்தான் இந்தத் தாராளம்.

இதைப் பற்றி முற்போக்கு நண்பர்கள் எழுதும்போது ஓர் அதிர்ச்சி தொனிக்கிறது. குடியுரிமையைக்கூட விலைக்கு விற்கிறார்களே, முதலாளித்துவம் எவ்வளவு முற்றிவிட்டது பாருங்கள் என்கிறார்கள். எனக்கு அந்த அதிர்ச்சி வரவில்லை. நிலம் வைத்திருப்பவன்தான் குடிமகன், இல்லாதவன் அவனுக்குப் பாத்தியப்பட்டவன் என்ற சட்டத்தில்தானே நம் ஊர்கள் கட்டப்பட்டிருக்கின்றன? கரீபியத் தீவு 1984இல் கண்டுபிடித்ததைத் தொண்டை மண்டலம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மிராசு என்ற பெயரில் நடத்திக்கொண்டிருந்தது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மிராசுதாரர்கள் தங்கள் நிலத்தை மட்டுமல்ல, ஊரின் தரிசு நிலத்தையும் முன்னுரிமை என்ற பெயரில் கட்டிவைத்திருந்தார்கள். யாரும் உழாத நிலத்தைக்கூடப் பண்ணையாள் கேட்டுப் பெற முடியாது. அவன் குடிசை போட்ட மனையும் அவனுடையதல்ல. எதிர்த்துப் பேசினால் அதிலிருந்து கிளப்பிவிடலாம். நிலம் கிடைத்துவிட்டால் நாளைக்கு ஏர் ஓட்ட எவன் வருவான் என்பதுதான் அவர்கள் பயம். ஊரில் பிறந்து, ஊரில் உழைத்து, ஊரில் செத்தாலும் அவன் ஊராகமாட்டான். ஊரின் உறுப்பினர் சீட்டு நிலம். அந்தச் சீட்டை அவனுக்கு விற்பதில்லை என்பது ஊர்க்கட்டு.

வெள்ளைக்காரன் தேர்தல் கொண்டுவந்தபோதும் இதே கதைதான். நிலவரி, வீட்டுவரி, வருமானவரி கட்டியவனுக்கு வாக்குரிமை. சொத்து இல்லாதவனுக்கு நாட்டை யார் ஆள வேண்டும் என்று சொல்ல வாய் இல்லை. 1928இல் சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வாதாடியது இந்த வேலியைப் பிடுங்குவதற்காகத்தான். 1950இல் அது சட்டமானது. சொத்தையும் குடியுரிமையையும் பிரித்த அந்த ஒரு வெட்டுதான், என் அம்மாவும் அந்த ஊர்க்காரரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போடக் காரணம். பணம் கொடுத்தால் குடியுரிமை என்று எந்த நாடு சொன்னாலும், அது அந்த வெட்டை மறுபடி ஒட்டவைக்கிற வேலை. நமக்கு இதில் என்ன, பணக்காரன் பாடு என்று நாம் ஒதுங்க முடியாதது அதனால்தான்.

இப்போது அந்த மூன்று வருட நிபந்தனைக்கு வருகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு வேறொரு நிபந்தனை நினைவுக்கு வந்தது.

டிரெமன்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசு போட்ட ஆணையில்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. (நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, 1989இல் அதே செப்டம்பர் 30 அன்றுதான் எங்கள் திருவண்ணாமலை மாவட்டமும் பிறந்தது. மாவட்டத்தின் பிறந்தநாளை நினைவு வைத்திருக்கும் ஒருவரும் மற்றதைச் சொல்லிக் கேட்டதில்லை.) அந்த நிலத்தைப் பெற்றவர் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பத்து ஆண்டு கழித்து விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு அந்த நிலத்தை இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நிபந்தனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துருக்கி அரசு மூன்று வருடம் விற்காதே என்று சொல்கிறது. சொத்து ஆவணத்திலேயே அதைப் பதிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர் அதை மீற மாட்டார், மீறினால் பாஸ்போர்ட் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நம் அரசு நூற்று முப்பது வருடத்துக்கு முன் போட்ட நிபந்தனை இன்றுவரை சட்டப்படி உயிரோடு இருக்கிறது. ஆனால் இருநூறு ரூபாய்க் கடனுக்கும் ஒரு மூட்டை கேழ்வரகுக்கும் கைநாட்டு வாங்கி, அந்த நிலங்கள் ஊருக்குள் போய்விட்டன. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அனுபவத்தில் இருப்பவன் பேரிலேயே பட்டா ஏறியது. பழைய ஏட்டில் இருந்த வகைப்பாடு புதிய ஏட்டுக்கு வரும் வழியில் காணாமல் போனது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்கின்றன. அதைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள்.

ஒரு நாட்டின் நிபந்தனையை இஸ்தான்புல் போகாமலே மதிக்கத் தெரிந்தவர்களுக்கு, சொந்த மாவட்டத்தின் நிபந்தனை கண்ணில் படுவதில்லை.

அந்த ஐந்து ஏக்கர் பஞ்சமி நிலமா? பத்திரத்தை அடித்தவன் நான். மூலப்பத்திரம் 1961இலிருந்துதான் கையில் இருந்தது. அதற்கு முன் யாருடையது என்பது வரியில்லாத இடம். என் பாட்டி உயிரோடு இருந்தவரை அந்தக் காட்டுக்கு ஒரு பெயர் சொல்வாள். அவளுடைய மாமனாரின் பெயரில் அது முடியும். பெயர் மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் பழைய அ-பதிவேட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஏடு சிதிலமாகிவிட்டது என்று ஒரு பதில். மேல்முறையீடு போட்டேன். அந்த ஏடு வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று இன்னொரு பதில். சிதிலமான ஏடு எப்படிப் பயணம் போனது என்று மூன்றாவது மனுவில் கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் சட்டம் அவருக்கு எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'இரண்டாவது குடியுரிமை' என்று தரகர்கள் விளம்பரம் செய்வது இந்தியரைப் பொறுத்தவரை பொய். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ஒருவர் விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. இரண்டாவது என்று ஒன்று கிடையாது, மாற்று மட்டும்தான். அதனால் மகன் இந்தியக் குடிமகன் என்ற தகுதியை இழப்பான். நிலத்தை இழப்பானா? இழக்க மாட்டான். இங்கே வசித்தபோது அவனுக்கு இருந்த சொத்தையும், இங்கே வசிக்கும் அப்பாவிடமிருந்து வாரிசாக வரும் சொத்தையும் வெளிநாட்டவனாகியும் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கிறது. புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் தடை. இருப்பதை வைத்துக்கொள்ளவும், கடல்கடந்த இந்தியர் அட்டை எடுத்து நினைத்தபோது வந்து போகவும் தடையில்லை. ஆக, எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் அவர்களுடைய இருபது ஏக்கருக்கு நாளைக்கு ஒரு துருக்கிக் குடிமகன் உடைமையாளன். காலனியில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் நூற்று நாற்பது குடும்பம் அதில் கூலி.

ஓட்டம் பிடிப்பவர்களுக்கு இந்தக் கடை எப்படி உதவியது என்பது ஊரறிந்தது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் 13,000 கோடி ரூபாய் மோசடி வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட மெகுல் சோக்சி, 2017 நவம்பரில் ஆன்டிகுவா குடியுரிமை வாங்கிவிட்டு 2018 ஜனவரியில் இந்தியாவை விட்டுப் போனார். 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில்தான் கைதானார். அந்த அளவு ஆட்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொள்ளட்டும். 2022இல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய், வருடக்கணக்கில் அங்கே வாழ்ந்து குடியுரிமை பெற்றவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. போவது குற்றமென்றால் முதல் குற்றவாளிகள் நாம்தான்.

ஆமாம், நாமும் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி சேரிக்காரர்கள். இலங்கையில் காடழித்துக் காப்பியும் தேயிலையும் நட்டார்கள். நான்கு தலைமுறை உழைப்பு அந்த நாட்டில் முதலீடாக நின்றது. டாலரில் கணக்குப் போட்டால் எத்தனை இஸ்தான்புல் வீடுகள் வரும்? அதற்குக் கிடைத்தது, 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். பின்னால் 1949இல் வந்த சட்டத்தில் விண்ணப்பிக்க வழி வைத்தார்கள். அதிலும் தொடர்ந்து வசித்ததற்கு ஆவணமும் போதிய நிலையான வருமானமும் காட்ட வேண்டும். லயத்துக் கூலியிடம் ஆவணம் கேட்டால் எங்கே போவான்? பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, உனக்கு மூன்று லட்சம், எனக்கு ஐந்தேகால் லட்சம் என்று அவர்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை என்ன செய்வது என்று பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் எனக்கு அந்த ஒப்பந்தத்தின் நடை நன்றாகப் புரியும். மாடுகன்றுகளைப் பிரிக்கும்போது இப்படித்தான் எழுதுவோம்.

அவர்களில் கணிசமானோரின் பிள்ளைகள் 1983க்குப் பிறகு அகதிகளாக இங்கே வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021இல் மாநில அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, வீடுகளும் கட்டிக்கொடுத்தது; நல்லதுதான். குடியுரிமை தருவது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. 1987 ஜூலை 1க்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர்கூட இந்தியக் குடிமகன் இல்லையென்றால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இங்கேயே பிறந்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இப்போது பெயின்ட் அடிக்கிறான். வெளியூரில் இரண்டு நாள் வேலை என்றாலும் முகாமில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். துருக்கிக் கதையை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூன்றரைக் கோடிக்கு எத்தன வருசம் பெயின்ட் அடிக்கணும்டா?" என்று கேட்டான். ஃபோனில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நூறு வருடத்தைத் தாண்டியது. சிரித்தோம்.

'இந்த நாட்டில் இருந்து என்ன பயன், முடிந்தால் நாமும் போய்விட வேண்டியதுதான்' என்று நம் பிள்ளைகள் சிலர் சொல்வதைக் கேட்கிறேன். படித்து, உதவித்தொகை பெற்று, வேலை தேடிப் போகட்டும், கொண்டாடுவேன். ஆனால் அங்கே சாதி இருக்காது என்று யாரும் மூட்டை கட்ட வேண்டாம். அது விசா எடுக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டிய அளவுக்குப் போயிருக்கிறது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய அதே போன்ற மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதற்கு எதிராக அங்கே வரிந்துகட்டி நின்றவர்களில் நம் நாட்டிலிருந்து போன ஆதிக்க சாதியினர் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புதிய பாஸ்போர்ட்டில் பழைய கோத்திரம்.

போகிறவன் எதைக் கொண்டுபோகிறான் என்பதே என் கேள்வி. சேரிக்காரன் கப்பலேறியபோது உடம்பை மட்டும் கொண்டுபோனான். எங்கள் ஊர்க்காரரின் மகன், மூன்று தலைமுறையின் பிடுங்கப்பட்ட கூலியைக் கொண்டுபோகிறான். ஐந்து ஏக்கரை மூன்றரைக் கோடியாக்கியது வெறும் மண் அல்ல. ரோடு போட்டதும் கிரிவலக் கூட்டம் பெருகியதும் விலையைக் கூட்டின, சரி. அதற்கு முன் அந்தக் கரட்டை உழவு நிலமாக்கிய கை யாருடையது? துருக்கி அரசு அந்தக் கணக்கைக் கேட்காது. கேட்க வேண்டியது இங்கே இருப்பவர்கள்.

திருவண்ணாமலை டவுனிலேயே இந்த நாடகத்தின் இன்னொரு காட்சி தினமும் நடக்கிறது. ஆசிரமங்களைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாடகை ஏறியது அவர்களுடைய தப்பும் இல்லை. நான் கல்யாணமான புதிதில் அந்தப் பக்கம் ஒரு போர்ஷன் கேட்டுப் போனேன். வீட்டுக்காரர் அட்வான்ஸ் பேசிவிட்டு, "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தார். தெருவைச் சொன்னேன். மச்சான் வருவதாகச் சொல்லியிருந்தது திடீரென்று நினைவுக்கு வந்துவிட்டது அவருக்கு. அடுத்த மாதம் அந்தப் போர்ஷனில் ஒரு ஜெர்மன்காரர் குடியிருந்தார். அவரிடம் பாஸ்போர்ட் நகல் மட்டும் கேட்டிருப்பார்கள். என்னிடம் இருப்பதும் பாஸ்போர்ட்தான், அதே இந்திய அரசு கொடுத்தது.

2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அறநிலையத் துறையின் கோயில் அது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக அவர்களுக்கு அடைத்துக்கிடந்தது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கூட நடக்க, நூற்றுக்கணக்கான போலீஸ் வேலி கட்டி நிற்க, பொங்கல் பானையோடு பெண்கள் உள்ளே போன படத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தும் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊரின் ஒரு தெருவைக் கடக்க, ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பதுபோல இத்தனை அதிகாரிகளின் அனுமதியும் காவலும் தேவைப்பட்டிருக்கிறது. தென்முடியனூரில் அன்று பெற்றது இரண்டாவது குடியுரிமை அல்ல, முதலாவது. அதுவும் ஒரு தெருவுக்கு மட்டும்.

1931இல் காந்தியைச் சந்தித்தபோது தனக்குத் தாயகம் இல்லை என்று அம்பேத்கர் சொன்னதை நம் மேடைகளில் உருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் அதோடு நிற்கவில்லை. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது, விளைநிலம் முழுவதும் அரசுக்கே சொந்தம், அதைச் சாதி மத வேறுபாடில்லாமல் குடும்பக் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடு என்று கேட்டார். வாக்குரிமை கிடைத்தது, இது கிடைக்கவில்லை. நாம் இன்றைக்குக் கேட்பது அவ்வளவு பெரியதுகூட இல்லை. வருவாய்த்துறையிடம் இருக்கும் பழைய பதிவேடுகளை, இருக்கிற நிலையிலேயே, பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லோரும் பார்க்க இணையத்தில் போடுங்கள். வகைப்பாடு தெரியாமல் எந்தக் கிரையமும் பதிவாகக் கூடாது என்று ஆக்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குகிறவனின் விவசாய நிலம் அவன் கையிலேயே நிற்கலாம் என்ற விதியை எடுத்துவிட்டு, அதை அரசு எடுத்து நிலமற்றவர்களுக்கு ஒப்படை செய்யட்டும். மூன்றாவதைக் கேட்டால் சொத்துரிமை என்று கூச்சல் வரும். வரட்டும். பஞ்சமி நிலத்துக்கு அந்தக் கூச்சல் ஒருநாளும் வந்ததில்லை.

அந்தக் கிரையம் ஒரு புதன்கிழமை பதிவானது. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் குறைந்தது என்று ஊர்க்காரர் என்னைக் கூப்பிட்டார். ஏட்டின் நகல் வரட்டும், அப்புறம் எந்தப் பக்கம் சாட்சி சொல்வது என்று பார்க்கலாம் என நினைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது சார் என்றேன். எதிர் டீக்கடையில் இருந்த ஒருவரைக் கூட்டிவந்து முடித்தார்கள்.

என் அம்மா வீடு நத்தத்தில் இல்லை, புறம்போக்கில் இருக்கிறது. நாற்பத்தொரு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். வீட்டுமனைப் பட்டாவுக்கு இதுவரை ஆறு மனு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஏழாவதை எடுத்துக்கொண்டு போகிறோம். மனுவை நான்தான் அடித்துக் கொடுத்தேன். வசிப்பிடத்துக்கு நான்கெல்லை எழுத வேண்டிய இடத்தில், வடக்கே அந்த ஐந்து ஏக்கர் வருகிறது. இப்போது வாங்கியிருப்பவர் பெயர் போடுவதா, பழைய பெயரா என்று அம்மாவிடம் கேட்டேன். பாட்டி சொல்லும் அந்தப் பழைய பெயரைப் போடச் சொன்னாள். அதையே அடித்திருக்கிறேன்.